39 ஷில்லிங் திருட்டு: பழைய கோர்ட் பதிவேடுகள் நமக்குச் சொல்வது

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைப் பேச்சின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் டி.வி.யை அணைத்துவிட்டு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் நன்றி. இந்தப் பேச்சு நம் இதழிலும் வரப்போகிறது என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் வராதவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வரலாறு என்றாலே ராஜா, போர், ஒப்பந்தம் என்றுதான் பாடப்புத்தகம் போகும். சாதாரண ஜனங்கள் அதில் வரவே மாட்டார்கள். அவர்கள் கல்வெட்டு வெட்டவில்லை, நாட்குறிப்பு எழுதவில்லை, பாதிப் பேருக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. அப்படியென்றால் ஒரு சமையல்காரி, ஒரு சலவைக்காரி, ஒரு மூட்டை தூக்குபவர் என்ன பேசினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று எங்கே போய்த் தேடுவது?

ஓர் இடம் இருக்கிறது. கோர்ட். ஏழை எளியவர் சொன்ன வார்த்தையை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்ட இடம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதனால்தான் வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் பழைய கோர்ட் பதிவேடுகளைப் புதையல் மாதிரி நினைக்கிறார்கள். அந்தப் புதையல்களில் பெரிய ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நடந்தது லண்டனில். ஆனால் கேட்டு முடிக்கும்போது நம் லிஃப்டிலும் நம் வாட்ஸ்அப் குரூப்பிலும் நடப்பது மாதிரியே உங்களுக்குத் தோன்றலாம்.

ஓல்ட் பெய்லி

லண்டன் நகரத்தின் பெரிய குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஓல்ட் பெய்லி என்று பெயர். அது இருக்கும் தெருவின் பெயரே கோர்ட்டுக்கும் நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே நியூகேட் சிறைச்சாலை. 1674-லிருந்து 1913 வரை, ஏறத்தாழ 240 ஆண்டுகள், அங்கே நடந்த விசாரணைகளை அச்சடித்து வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் அது தெருவில் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் மலிவுப் பிரசுரம். யார் என்ன திருடினார், யாருக்குத் தூக்கு என்று ஜனங்கள் ஆவலாக வாங்கிப் படித்தார்கள். நாளடைவில் சுருக்கெழுத்தாளர்களை வைத்து, சாட்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது. நகர நிர்வாகமும் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இப்போது அவை எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2003-லிருந்து படிப்படியாக ஏற்றினார்கள். மொத்தம் 1,97,745 வழக்குகள். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள். ஒரு பெயரையோ, ஒரு தொழிலையோ, ஒரு பொருளையோ தட்டினால் போதும், அது வரும் வழக்குகள் எல்லாம் வந்து நிற்கும்.

அந்தக் கோர்ட் எப்படி இருந்தது தெரியுமா? 1666-இல் லண்டன் தீயில் பழைய கட்டடம் எரிந்துபோனது. அதன் பிறகு கட்டிய கட்டடத்தில் ஒரு பக்கம் சுவரே வைக்கவில்லை. ஜெயிலில் இருந்து வரும் கைதிகளிடம் டைபஸ் காய்ச்சல் இருக்கும், காற்றோட்டம் இருந்தால் மற்றவர்களுக்குப் பரவாது என்ற எண்ணம். 1737-இல் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டார்கள். 1750-இல் காய்ச்சல் பரவி 50-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இறந்தவர்களில் லண்டன் மேயரும் இரண்டு நீதிபதிகளும் உண்டு. அதற்குப் பிறகு நீதிபதிகள் மூக்கருகில் வாசனைச் செண்டு வைத்துக்கொண்டு உட்காருவார்களாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டுக்கு மேலே ஒரு கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அவர் முகத்தில் விழும். சாட்சி பேசும்போது அந்த முகம் எப்படி மாறுகிறது என்று ஜூரிகள் பார்க்க வேண்டுமாம். முகத்தைப் பார்த்தே ஆள் திருடனா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போதும் இருந்தது.

பொருள் பட்டியலில் ஒரு ஊர்

பெரும்பாலான வழக்குகள் திருட்டு வழக்குகள். என்ன பொருள், என்ன விலை என்று ஒவ்வொன்றையும் குறித்திருப்பார்கள். வெள்ளிக் கரண்டி, படுக்கை விரிப்பு, கைக்குட்டை, பொய்முடி, கெடிகாரம், பித்தளைப் பாத்திரம். இந்தப் பட்டியல்களை வைத்தே அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது என்று அறிஞர்கள் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம். சாட்சி சொல்பவர்கள் போகிற போக்கில் தங்கள் அன்றாட வாழ்க்கையையும் சொல்லிவிடுவார்கள். "நான் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகும்போது இவரைப் பார்த்தேன்" என்கிற மாதிரி. கோர்ட்டுக்கு வேண்டியது "இவரைப் பார்த்தேன்" என்பது மட்டும்தான். ஆனால் ஹான்ஸ்-யோவாகிம் வோட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் "காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகும்போது" என்ற பகுதியை எடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான சாட்சியங்களில் இப்படிப் பொறுக்கி, லண்டன்காரர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த நாளில் வேலை செய்தார்கள் என்று கணக்குப் போட்டார். 1750 வாக்கில் லண்டன் தொழிலாளர்கள் திங்கட்கிழமையும் வேலைக்கு மட்டம் போடுவது சாதாரணம் என்று தெரிந்தது. 1800 வாக்கில் அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. தொழிற்புரட்சி என்று பாடத்தில் படித்தோமே, அதில் மெஷின் மட்டும் மாறவில்லை, மனிதர்களின் ஓய்வு நாளும் போயிற்று என்பதைத் திருட்டு வழக்குகள்தான் காட்டிக்கொடுத்தன.

சட்டம் ஒன்று, ஜூரி ஒன்று

இனி தலைப்பில் சொன்ன 39 ஷில்லிங்குக்கு வருகிறேன்.

அன்றைய இங்கிலாந்தில் தூக்குத் தண்டனைக்கு உரிய குற்றங்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200-ஐத் தாண்டியிருந்தன. கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை நைசாக எடுத்தால் தூக்கு. குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமானப் பொருளைத் திருடினால் தூக்கு. 40 ஷில்லிங் என்றால் 2 பவுண்டு. அப்போது ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஒரு வருஷச் சம்பளமே சில பவுண்டுகள்தான்.

இப்போது பதிவேட்டைப் பாருங்கள். குற்றப்பத்திரிகையில் பொருளின் விலை பல பவுண்டு என்று இருக்கும். சாட்சியும் அப்படியே சொல்லியிருப்பார். ஆனால் ஜூரியின் தீர்ப்பில், திருடியது உண்மை, ஆனால் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று இருக்கும். இது ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, திரும்பத் திரும்ப வரும். கடைத் திருட்டு என்றால் மதிப்பு 4 ஷில்லிங் 10 பென்ஸ். ஐந்துக்கு இரண்டு பென்ஸ் குறைவு!

இது கணக்குத் தவறு இல்லை. ஒரு விரிப்புக்காகவும் நாலு கரண்டிக்காகவும் ஒரு உயிரைத் தூக்கில் போட அந்த ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. சட்டத்தை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. விலையை மாற்ற முடிந்தது, மாற்றினார்கள். பிளாக்ஸ்டன் என்ற பெரிய சட்ட அறிஞர் இதைப் புண்ணியப் பொய் என்ற பொருளில் குறிப்பிட்டார்.

ஜூரிகள் எல்லாரும் சொத்து வைத்திருந்த ஆண்கள், அதாவது திருட்டுக் கொடுக்கிற வர்க்கம். அவர்களே இப்படிச் செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால் அந்த நாடு கொலைகார நாடு என்று தோன்றும். பதிவேட்டைப் படித்தால், சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவில் தினமும் ஒரு பேரம் நடந்தது தெரியும். 1820-களிலும் 1830-களிலும் பாராளுமன்றம் தூக்குத் தண்டனைகளை வரிசையாகக் குறைத்தது. கோர்ட்டில் நடைமுறை ஏற்கெனவே அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

தூக்கு தப்பினால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1718-இல் வந்த சட்டப்படி 7 ஆண்டு அல்லது 14 ஆண்டு நாடு கடத்தல். அமெரிக்கக் காலனிகளுக்கு இப்படிப் பிரிட்டனிலிருந்து போனவர்கள் சுமார் 50,000 பேர். அமெரிக்கா சுதந்திரம் கேட்டுப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. பிறகு 1787-இல் முதல் கப்பல் கூட்டம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. 1868 வரை அங்கே போனவர்கள் சுமார் 1,60,000 பேர். இன்று ஆஸ்திரேலியாவில் பல குடும்பங்கள் தங்கள் முன்னோர் பெயரை இந்தப் பதிவேட்டில்தான் தேடுகின்றன.

வீட்டு வேலைக்கு வந்தவர்கள்

இந்தப் பதிவேட்டில் அடிக்கடி கூண்டில் நிற்பவர்களில் ஒருவர் வேலைக்காரப் பெண். எஜமானியம்மா கரண்டியைக் காணோம் என்பார். அடகுக்கடைக்காரர் வந்து, இந்தப் பெண்தான் கொண்டுவந்து வைத்தாள் என்பார். பெண் என்ன சொல்வாள்? சில பேர், சம்பளம் வந்ததும் மீட்டு அதே இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன் என்கிறார்கள். சில பேர், எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது என்கிறார்கள். சில பேர், அம்மாவே கொடுத்தது என்கிறார்கள்.

"அம்மாவே கொடுத்தது" என்பது பெரிய விஷயம். வேலை செய்யும் இடத்தில் மிஞ்சுவது யாருக்கு என்பதில் அந்தக் காலத்தில் எழுதாத வழக்கங்கள் இருந்தன. கப்பல் கட்டும் தளத்தில் செதுக்கும்போது விழும் மரச் சில்லுகளைத் தச்சர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது பழைய உரிமை. துறைமுகத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ளுவதும் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டில் முதலாளிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டு என்று அழைக்கத் தொடங்கினார்கள். நேற்று வரைக்கும் மாமூலாக இருந்தது இன்று குற்றம். பீட்டர் லைன்பா என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

நம் வீட்டில் பழைய பேப்பர், மீந்த இட்லி மாவு, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன துணி இவையெல்லாம் யாருக்கு? வேலைக்கு வரும் அக்காவுக்குத்தான் என்று நாம் சொல்லாமலே ஒரு வழக்கம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்கிறார். "சீட்டு எங்கே?" என்கிறார். கொடுத்தவர் ஊருக்குப் போயிருந்தால், வாய்மொழியாகக் கொடுத்ததற்கு யார் சாட்சி? லண்டன் கோர்ட்டில் அந்தப் பெண் நின்ற இடம் இதுதான்.

அப்படி நின்றவளுக்குக் கைகொடுத்தது எது என்றும் பதிவேடு சொல்கிறது. முன்பு அவள் வேலை பார்த்த வீட்டுக்காரர் வந்து, என்னிடம் இத்தனை வருஷம் இருந்தாள், ஒரு குறையும் சொல்ல முடியாது என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு வரிச் சாட்சி ஓர் ஆளைக் காப்பாற்றியிருக்கிறது.

எலிசபெத் கேனிங் வழக்கு

இனி ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எலிசபெத் கேனிங் 18 வயதுப் பெண். லண்டனில் ஒரு தச்சர் வீட்டில் வேலை. 1753 ஜனவரி 1-ஆம் தேதி மாமா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் காணாமல் போனாள். தாய் எங்கெங்கோ தேடினாள், பத்திரிகையில் விளம்பரம்கூடக் கொடுத்தாள். ஜனவரி 29 இரவு அந்தப் பெண் கந்தலும் காயமுமாக, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் சொன்னது இது. இரண்டு ஆண்கள் தாக்கி, பணத்தைப் பறித்து, ஒரு வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஒரு கிழவி தப்பான தொழிலுக்கு வரச் சொன்னாள், மறுத்ததும் தன் கச்சை அறுத்து எடுத்துக்கொண்டு மாடியறையில் அடைத்தாள். ரொட்டித் துண்டுகளும் ஒரு ஜாடித் தண்ணீரும்தான் இருந்தன. கடைசியில் ஜன்னல் வழியே தப்பித்தாள்.

அக்கம்பக்கத்தார் கொதித்துப்போனார்கள். என்ஃபீல்டு என்ற ஊரில் சூசன்னா வெல்ஸ் என்பவரின் வீடாக இருக்கும் என்று முடிவு செய்து, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கூட்டமாகவே போனார்கள். அங்கே மேரி ஸ்கொயர்ஸ் என்ற வயதான ஜிப்ஸிப் பெண் உட்கார்ந்திருந்தார். இவள்தான் என்று கேனிங் கைகாட்டினாள். அந்த வீட்டில் இருந்த வெர்ச்சூ ஹால் என்ற பெண் முதலில், எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேன் என்று மாஜிஸ்திரேட் மிரட்டியதும் கேனிங் சொன்னதையே தானும் சொன்னாள். அந்த மாஜிஸ்திரேட் யார் தெரியுமா? புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங்.

பிப்ரவரியில் விசாரணை. ஸ்கொயர்ஸ் மீது சாட்டிய குற்றம் 10 ஷில்லிங் பெறுமான கச்சைப் பறித்தது. டார்செட் மாவட்டத்து அபாட்ஸ்பரியிலிருந்து சாட்சிகள் வந்து, அந்த நாட்களில் இந்த அம்மா எங்கள் ஊரில் இருந்தார் என்று சொன்னார்கள். அது லண்டனிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால். யாரும் நம்பவில்லை. வெல்ஸ் தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களை வெளியே நின்ற கூட்டம் உள்ளேயே விடவில்லை. தீர்ப்பு: ஸ்கொயர்ஸுக்குத் தூக்கு. வெல்ஸுக்குக் கையில் சூடு, 6 மாதம் ஜெயில்.

இங்கேதான் ஒரு மனிதர் வருகிறார். லண்டன் மேயர் சர் கிரிஸ்ப் கேஸ்கோய்ன். அந்த விசாரணையில் நீதிபதிகளோடு உட்கார்ந்தவர். அவர் மனம் ஒப்பவில்லை. அபாட்ஸ்பரிக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். ஆமாம், அந்த அம்மா இங்கேதான் இருந்தார் என்று பதில் வந்தது. வெர்ச்சூ ஹாலைக் கூப்பிட்டு மிரட்டாமல் கேட்டார். அவள் முன்பு சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டாள். மன்னர் ஸ்கொயர்ஸை மன்னித்தார்.

லண்டன் இரண்டாகப் பிளந்தது. பாவப்பட்ட நம் பெண்ணை விட்டுவிட்டு ஒரு நாடோடிக் கிழவிக்குப் பரிந்து பேசுகிறான் என்று மேயரின் வண்டியைத் தாக்கினார்கள். 1754-இல் அவர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அதே ஆண்டு கேனிங் பொய்ச்சாட்சி வழக்கில் கூண்டில் நின்றாள். வழக்கு பல நாள் நடந்தது. அபாட்ஸ்பரியில் பார்த்தோம் என்று ஒரு கூட்டம், என்ஃபீல்டில் பார்த்தோம் என்று இன்னொரு கூட்டம். இதில் இன்னொரு குழப்பம். 1752 செப்டம்பரில்தான் இங்கிலாந்து பழைய காலண்டரை விட்டுப் புதிய காலண்டருக்கு மாறி, 11 நாட்களைக் கழித்திருந்தது. சாட்சிகள் பழைய கிறிஸ்துமஸையும் புது கிறிஸ்துமஸையும் வைத்துத் தேதி சொல்லித் தடுமாறினார்கள். கடைசியில் கேனிங் குற்றவாளி என்று தீர்ப்பானது. 7 ஆண்டு நாடு கடத்தல். அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே 1773-இல் இறந்தாள்.

அந்த ஒரு மாதம் அவள் எங்கே இருந்தாள்? இன்றுவரை யாருக்கும் தெரியாது. பதிவேடு எல்லாக் கேள்விக்கும் பதில் தராது. ஆனால் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு கூட்டம் முதலில் ஆளைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு சாட்சி தேடினால் என்ன ஆகும் என்பதை. சந்தேகம் நேராகப் போய் விழுந்தது யார் மேல் பாருங்கள். ஒரு நாடோடிக் கிழவி மேல்.

உரிமைகள் வந்த வழி

இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் பல உரிமைகள் எவ்வளவு தாமதமாக வந்தன என்பதையும் இந்தப் பதிவேடு காட்டுகிறது. ஆரம்பத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீலே கிடையாது. 1730-களிலிருந்து வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்கள். ஆனால் ஜூரியிடம் அவர் சார்பாக வாதாட 1836 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்ற வாதத்தை வில்லியம் கேரோ என்ற வக்கீல் 1791-இல் இங்கே முன்வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தானே சத்தியம் செய்து சாட்சி சொல்லும் உரிமை வந்தது 1898-இல்.

மேல்முறையீடு? அதற்கு அடால்ஃப் பெக் என்பவர் வாழ்க்கையை இழக்க வேண்டியிருந்தது. ஜான் ஸ்மித் என்ற பெயரில் பெண்களை ஏமாற்றி நகை பறித்த ஒருவன் 1877-இல் தண்டிக்கப்பட்டிருந்தான். 1896-இல் அதே மாதிரி மோசடி வழக்கு. பெண்கள் வரிசையாக வந்து, இவரேதான் என்று பெக்கைக் காட்டினார்கள். 1877-இல் நான் தென் அமெரிக்காவில் இருந்தேன் என்று நிரூபிக்க அவர் முயன்றார். நீதிபதி அனுமதிக்கவில்லை. அந்த நீதிபதி 1877-இல் ஸ்மித்துக்கு எதிராக வழக்கு நடத்தியவர்! பெக் ஜெயிலுக்குப் போனார். ஸ்மித்தின் உடல் அடையாளம் பெக்கிடம் இல்லை என்பது பிறகு தெரிந்தும் விடுதலை இல்லை. வெளியே வந்தவரை 1904-இல் திரும்பவும் அதே குற்றத்துக்குத் தண்டித்தார்கள். அப்போதுதான் உண்மையான ஆள் பிடிபட்டான். அரசு பெக்குக்கு 5,000 பவுண்டு கொடுத்தது. 1907-இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்பட இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

நமக்கும் இந்தக் கோர்ட்டுக்கும் தொடர்பு உண்டு. 1843-இல் இங்கே நடந்த மெக்நாட்டன் கொலை வழக்கில் அவருக்குச் சித்தம் சரியில்லை என்று விடுதலை ஆனது. அதையொட்டி நீதிபதிகள் வகுத்த விதிதான் நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவாக வந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவு. நம் நாட்டுக் கப்பல் தொழிலாளர்களான லஸ்கர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையோடு இந்தக் கோர்ட்டில் பேசியிருக்கிறார்கள். 1909 ஜூலை 23 அன்று மதன்லால் திங்ரா நின்றதும் இங்கேதான். கர்சன் வைலியைச் சுட்ட வழக்கு. தனக்கு வக்கீல் வேண்டாம், இந்தக் கோர்ட்டுக்கு என்னை விசாரிக்க அதிகாரம் இல்லை என்றார். ஒரே நாளில் விசாரணை முடிந்தது. ஆகஸ்ட் 17-இல் தூக்கு. நம் வ.வே.சு. ஐயர் அப்போது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். சாதாரணத் திருட்டு வழக்குகளுக்கு நடுவில் அந்த விசாரணையும் அதே பதிவேட்டில் அச்சாகிக் கிடக்கிறது.

பதிவேட்டில் இல்லாதவை

பதிவேடு முழு உண்மை என்றும் நினைத்துவிடக் கூடாது. தண்டனை பெற்ற வழக்கை விரிவாகவும், விடுதலை ஆன வழக்கைச் சில வரியிலும் முடித்துவிடுவது வழக்கம். பாலியல் குற்ற வழக்குகளில் சாட்சியத்தைப் பிற்காலத்தில் அச்சிடவே இல்லை. அதனால் பல பெண்கள் சொன்னது நமக்குக் கிடைக்கவில்லை. எழுதியவருக்கு எது முக்கியம் என்று பட்டதோ அதுதான் மிஞ்சியது.

நம் குடியிருப்புக்கு வருவோம்

நம் சங்கமும் பதிவேடுகள் வைத்திருக்கிறது. கேட்டில் வருகைப் பதிவேடு, ஆபீஸில் புகார் புத்தகம், கமிட்டியின் மினிட்ஸ் புக், போதாததற்கு வாட்ஸ்அப் குரூப். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யாராவது இவற்றைப் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

எந்த அடுக்குமாடியிலும் ஒரு மோதிரம் காணோம் என்றால் நடப்பது என்ன? முதல் சந்தேகம் வீட்டு வேலைக்கு வருபவர் மேல். அடுத்து செக்யூரிட்டி, பிறகு டெலிவரி பையன். அரை மணி நேரத்தில் போட்டோவோடு குரூப்பில் வந்துவிடும். சிசிடிவியில் அவர் லிஃப்டில் ஏறுவது தெரிகிறது என்பார்கள். தினமும் ஏறுகிறவர் அன்றைக்கும் ஏறினார், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மோதிரம் சோபா இடுக்கில் கிடைக்கும். அந்தச் செய்தி குரூப்பில் வராது. ஆனால் அந்த அம்மாவுக்கு இந்த பிளாக்கில் மட்டுமல்ல, அடுத்த பிளாக்கிலும் வேலை போயிருக்கும். அவருக்கு மேல்முறையீடு எங்கே?

அதனால் கமிட்டியிடம் நான் மூன்று விஷயம் கேட்கிறேன். உங்கள் முன்னாலேயே கேட்கிறேன்.

ஒன்று, யார் மேலாவது புகார் வந்தால், புகார் புத்தகத்தில் அவர் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் எழுதியதை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். புகார் பொய் என்றோ பொருள் கிடைத்துவிட்டது என்றோ தெரிந்தால், அதையும் அங்கேயே எழுத வேண்டும்.

இரண்டு, பெயரும் போட்டோவும் போட்டுக் குரூப்பில் குற்றம் சாட்டக் கூடாது. நிஜமாகத் திருட்டு என்றால் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். உடம்பைச் சோதனை போடுவதற்கோ, அறையில் உட்கார வைத்து மிரட்டுவதற்கோ சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. மிரட்டி வாங்கிய வார்த்தையின் மதிப்பு என்ன என்பதை வெர்ச்சூ ஹால் கதையில் பார்த்தோம்.

மூன்று, ரொம்பச் சுலபம். ஒரு பொருளை வேலைக்கு வருபவருக்குக் கொடுத்தால் நாமே செக்யூரிட்டிக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுவோம். பல வருஷம் நம் வீட்டில் வேலை செய்தவர் வேறு இடம் போகும்போது, நல்லபடியாக வேலை செய்தார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். நமக்கு ஐந்து நிமிஷ வேலை. அவர் கையில் அது ஒரு சாட்சி.

கேள்வி நேரத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "சார், நிஜமாகவே வேலைக்கு வந்தவர் எடுத்திருந்தால்?" நல்ல கேள்வி. எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த லண்டன் பதிவேட்டிலும் நிஜமாகத் திருடியவர்கள் ஏராளம். நான் யாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. விசாரித்து முடிவு செய்யுங்கள், விசாரிக்கும் முன்பே முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 39 ஷில்லிங் என்று எழுதிய ஜூரிகளும் குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. குற்றம் இருக்கிறது, அதற்கு இந்தத் தண்டனை அதிகம் என்றார்கள்.

இன்னொரு நண்பர், நம்மூர்ப் பழைய பதிவேடுகள் எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக அனுமதி பெற்றுப் பார்க்கலாம். இப்போதைய தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் இணையதளம் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறைத் திட்டமாகக்கூடக் கொடுக்கலாம்.

மூன்று கோரிக்கைகளையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். அன்று வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்க்கருத்து இருந்தால் அவசியம் வாருங்கள், அதையும் மினிட்ஸ் புக்கில் எழுதச் சொல்வோம்.